உதடு மூடிய ஜபம்

மாவு பிசையும் மிஷின் நின்றால்தான் அந்தக் கடையில் மனிதக் குரல் கேட்கும். பழைய மிஷின். ஓடும்போது இரும்பு அண்டாவுக்குள் செங்கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம். பக்கத்தில் நின்று கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். ரொட்டிக்காரரும் அவர் மனைவியும் கல்யாணமான புதிதிலிருந்தே விடியற்காலையில் சைகையில்தான் குடும்பம் நடத்தினார்கள். உப்புக்கு நாக்கு நுனி. தண்ணீருக்குக் கட்டை விரல். போதும் என்றால் விரித்த உள்ளங்கை. மற்றதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். சண்டை என்றாலும் உதட்டில்தான். மிஷின் நிற்பதற்குள் பாதி ஆறிவிடும்.

மிஷின் நின்றதும் அவள் ஆரம்பிப்பாள். சுவாமி பெயர்கள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல். பலகை மேல் வெட்டிய மாவுத் துண்டுகள் கிடக்கும். கைக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் இரண்டை உருட்டுவாள். ஒரு பெயருக்கு ஒரு ஜோடி பன். எந்தப் பன்னைத் தூக்கிப் பார்த்தாலும் ஒரே எடை, ஒரே முகம்.

முன்னால் கல்லாவில் ரொட்டிக்காரரின் அக்கா. புருஷன் போனபிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவள். அவளும் நாமம் சொல்வாள். அது வேறு ரகம்.

“கேசவாய நம, மாதவாய நம, என்னப்பா வேணும், கோவிந்தாய நம, ரஸ்க் நேத்தே தீர்ந்துபோச்சு, திரிவிக்ரமாய நம, சில்லறையா குடு, வாமனாய நம, நாளைக்கு வா, ஸ்ரீதராய நம.”

“பாவம்க்கா, வாமனர் சின்னப் பிள்ளை. அவரையா நாளைக்கு வரச் சொல்றீங்க?” என்பார் டாக்ஸிக்காரர். தினமும் முதல் ஆளாக வருகிறவர்.

“உன்னைத்தான்டா சொன்னேன். அவரு மூணடிதான் கேட்டாரு. நீ முப்பது பன் கேக்கறே.”

அக்கா சொல்கிற நாமம் ரொட்டிக்காரர் காதில் விழும், போகும். அதில் ஒளிவு மறைவு இல்லை. வாயில் என்ன வருகிறதோ அதுதான் அக்காவின் மனதிலும் இருக்கும், பன் விலை உட்பட.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. டாக்ஸிக்காரர் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அண்ணே, உங்க பன்னுக்காக வர்றேன்னு நினைச்சுக்காதீங்க. உள்ளேயிருந்து அண்ணி குரல் வருதே, அதைக் கேட்டுட்டுப் போனாத்தான் அன்னிக்கு வண்டி மக்கர் பண்ணாம ஓடுது.”

புகழ்ச்சியாகத்தான் சொன்னார். ரொட்டிக்காரருக்கு நகக்கண்ணில் ஊசி இறங்கியது. இத்தனை வருஷம் தன் அடுப்படியில் தனக்காக இருக்கிறது என்று நினைத்திருந்த ஒன்றை, வழியில் போகிறவன் வண்டிக்கு எண்ணெய் போலப் போட்டுக்கொண்டு போகிறான். அதைவிட உறைத்தது வேறொன்று. அந்தக் குரல் நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. இனிமேல் சொன்னால் டாக்ஸிக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொன்னது போலாகும்.

மறுநாள் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“கொஞ்சம் மெதுவா சொல்லேன்.”

“ஏன், கேக்க நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. அதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். அன்றிலிருந்து சத்தத்தை விட்டுவிட்டாள். உதடு மட்டும் அசையும்.

“அண்ணிக்கு உடம்பு சரியில்லையாண்ணே?” என்று கேட்டார் டாக்ஸிக்காரர்.

“நல்லாத்தான் இருக்கா. உன் வண்டி எப்படி ஓடுது?”

“இழுக்குதுண்ணே.”

ரொட்டிக்காரருக்கு அன்று முழுக்க வாய் இனித்தது. அடுத்த நாள் அடுப்பின் முன்னால் நிற்கும்போது என்னவோ குறைகிறது என்று தோன்றியது. உப்பை மறந்துவிட்டோமா என்று மாவைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். உப்பு இருந்தது.

*

ஒரே மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் சமையல் பாத்திரங்கள் சின்னதாகின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ரொட்டிக்காரர் மனைவிக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இரண்டு தெரு தள்ளி, தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருத்தி வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து ஜபம் செய்கிறார்கள் என்று போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரத் தலையோடு போய் உபதேசம் வாங்கிக்கொண்டு வந்தாள். முகம் புதிதாக இருந்தது.

“என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“மந்திரம்.”

“அதான், என்ன மந்திரம்?”

“அது சொல்லக்கூடாதுங்க.”

“எங்கிட்டயா?”

“யார்கிட்டயும்.”

“நானும் யாரோவா?”

அவள் ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அவளுக்கு எந்தப் பல் எப்போது வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். எந்தத் தட்டைத் தூக்கும்போது இடுப்பு பிடிக்கும் என்று தெரியும். அவள் அம்மாவிடம்கூடச் சொல்லாத இரண்டு விஷயங்கள் தெரியும். இன்று, இந்த வயதில், அவளுக்குள் ஓர் அறையைக் கட்டி யாரோ பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாவி அவளிடம். ரொட்டிக்காரர் வாசலில்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. இத்தனை வருஷம் மிஷின் சத்தத்தில் உதட்டைப் படித்தே குடும்பம் நடத்தியவர். மாவு உருட்டும்போது அவள் உதட்டைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் உதடு குவிகிறது. பிறகு ஒட்டுகிறது. நடுவில் நாக்கு மேலே போய்த் தொடுகிறது. கடைசியில் ஏதோ இரண்டு எழுத்து, அங்கேதான் பிடிபடவில்லை. முகம் மழிக்கும்போது கண்ணாடி முன் நின்று அவரும் உதட்டைக் குவித்து, ஒட்டி, விட்டுப் பார்த்தார். அக்கா பார்த்துவிட்டாள்.

“என்னடா, கண்ணாடிக்கு முத்தம் குடுக்கறே?”

“பல்லு வலி.”

“பல்லுவலிக்காரன் முகம் இப்படியா இருக்கும்? பால் பாத்திரத்தை உருட்டின பூனை மாதிரி இருக்கே.”

ஒரு வாரம் போயிருந்தால் அந்தக் கடைசி இரண்டு எழுத்தும் கிடைத்திருக்கும். கெடுத்துக்கொண்டது அவரேதான். ஒரு காலை, வரிசையின் கடைசிப் பன்னை உருட்டித் தட்டில் வைத்துவிட்டு, உதடு நின்றதும், அவள் லேசாகச் சிரித்தாள். யாரையும் பார்த்து இல்லை. மாவைப் பார்த்தும் இல்லை. யாரோ கூப்பிட்டு இவள் ‘வந்தேன்’ என்றது போல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். மகள் பிறப்பதற்கு முன்னால், இதே பலகை முன்னால், இவர் பார்த்திருக்கிறார்.

“ஏய், மாவு மேல வாயை வெச்சு முணுமுணுக்காதே. எச்சில் விழும். ஊர் சாப்பிடற சாமான்.”

குரல் தடித்துவிட்டது. அக்காவின் நாமம்கூட முன்னால் ஒரு நொடி நின்றது.

அவள் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மூடினாள். மூடியது மூடியதுதான்.

*

வாய் மூடியபிறகு அவருக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாதது தெரிந்ததைவிடப் பெரிதாக வளர்ந்தது. தட்டு கழுவும்போது சொல்கிறாளா? துணி மடிக்கும்போது? இவர் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றுகிறாளே, அப்போது உள்ளே யார் இருக்கிறார்கள்?

சோதித்துப் பார்த்தார்.

“உப்பு போட்டியா?”

“போட்டேன்.”

“ஈஸ்ட்?”

“நீங்கதானே போட்டீங்க.”

பதில் சரியாக வந்தது. கை நிற்கவில்லை. அங்கேதான் பிடித்தார். அவள் கையைப் பார்த்தார்.

இரண்டு உள்ளங்கையும் பலகை மேல் வட்டமாகச் சுற்றின. ஒரே சுற்று, ஒரே அழுத்தம். முடிவில் இரண்டு கட்டை விரலும் பன்னின் அடிப்பக்கத்தை ஒரு தடவை அழுத்தி விடும். உடனே அடுத்த ஜோடி. அந்த நேரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு மந்திரத்துக்கு ஒரு ஜோடி. டாக்ஸிக்காரர் வந்து “அண்ணி சௌக்கியமா?” என்று கேட்டபோது “இருக்கேன்” என்றாள். கை தப்பவில்லை. நடுவில் பால்காரரிடம் கணக்கு பேச எழுந்து போய் வந்த பிறகு மட்டும் தப்பியது. அந்த ஐந்தாறு பன் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தன.

ஆக, கோணல் பன் வருகிற நேரத்தில்தான் அவள் வெளியே இருக்கிறாள். தட்டு தட்டாகத் தேடினார். கோணல் பன் கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம். அதை எடுத்து அவரே தின்றார்.

“என்னடா இது, விக்கறதை எல்லாம் நீயே முழுங்கறே?” என்றாள் அக்கா.

“கோணலா இருக்கு. யாரு வாங்குவா?”

“உன் மூஞ்சி கோணலா இருந்தப்ப ஒருத்தி வாங்கிக்கலையா?”

அவள் பலகையிலிருந்து தலை நிமிராமல் சிரித்தாள். அது வெளியே இருந்து வந்த சிரிப்பு. ரொட்டிக்காரர் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். போதவில்லை.

மாவை ஒருநாள் இறுக்கிப் பிசைந்தார். ஒருநாள் தளர விட்டார். ‘என்னங்க இது, கையில ஒட்டுது’ என்று அலுத்துக்கொள்வாள் என்று பார்த்தார். கூடக் கொஞ்சம் மாவைப் பலகையில் தூவிக்கொண்டாள். அவ்வளவுதான். கை தன்பாட்டில் போனது.

கடைசியில் ரோஷத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஞாயிறு இல்லாத ஒரு நாளில், தபாலாபீஸ் அம்மாள் வீட்டுக்குப் போனார். ஒரு ரொட்டியும் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். கையில் துடைப்பம்.

“ரொட்டி நாங்க சொல்லலையே?”

“சும்மா கொண்டு வந்தேன். எனக்கும் உபதேசம் வேணும்.”

“உக்காருங்க. என்ன உபதேசம்?”

“அவளுக்குக் குடுத்ததையே குடுங்க.”

அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“பக்கத்து டேபிள்ல என்ன சாப்பிடறாங்களோ அதையே கொண்டாங்கன்னு ஓட்டல்ல சொல்ற மாதிரி இருக்கே. உங்களுக்கு என்ன பசின்னு சொல்லுங்க.”

“பசி எல்லாம் இல்லை. அவ என்ன சொல்றான்னு தெரியணும்.”

“தெரிஞ்சு?”

அவர் உட்கார்ந்த நாற்காலியின் கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருந்தது. அதைச் சுரண்டினார்.

“முதல்ல சத்தமா சொன்னா. அப்புறம் உதட்டுல சொன்னா. இப்ப அதுவும் இல்லை. அப்படியே உள்ள போயிட்டா.”

“அப்படித்தான் போகும். வெளிய சொல்றது கார்டு மாதிரி. யாரு வேணா படிக்கலாம். உதடு மட்டும் அசையறது ஒட்டின கவர். உள்ளுக்குள்ள சொல்றது...”

“ரிஜிஸ்டர் தபால்.”

“இல்லை. தபால்ல போடாதது. ஆனா போய்ச் சேர்ந்துடும். அதுக்குத்தான் அது ஒசத்தி.” அந்த அம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். “எல்லா நேரமும் அது நிக்காது. எனக்கே நிக்காது. முழங்கால் வலி வந்தா மனசு எங்க நிக்குது? அப்ப கதவைச் சாத்திக்கிட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதான். யார் காதுலயும் விழாம பார்த்துக்கணும். அவ்வளவுதான் சட்டம்.”

“எனக்கு?”

“உங்களுக்குன்னு கேட்டு வாங்க, தர்றேன். அவங்களுதை வேவு பார்க்கறதுக்குத் தர மாட்டேன்.”

ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். நல்ல ரொட்டி என்றாள். திரும்பி வரும் வழி முழுக்க அவர் காதில் அந்த ஒரு வார்த்தைதான். வேவு.

*

அது நடந்தது ஒரு மழை நாளில். ஈரக் காற்றில் மாவு எழும்ப நேரம் பிடித்தது. எல்லாம் தாமதம். முன்னால் ஆட்கள் குடையைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா நாமத்தை விட்டுவிட்டு வெறும் வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். டாக்ஸிக்காரர் ஈரச் செருப்போடு உள்ளே எட்டிப் பார்த்து “ஆச்சாண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ரொட்டிக்காரர் பலகையருகில் மாவை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் அடுப்பிலிருந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிடிப்பது, குனிவது, இழுப்பது, திரும்புவது, அடுக்குப் பலகையில் வைப்பது. மறுபடி. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கால் வைப்பதில்கூட அதே அளவு. உருட்டாதபோதும் அதே அளவு. இத்தனை அவசரத்திலும், வெளியே இத்தனை பேர் நிற்கும்போதும், நான் இங்கே வியர்த்து வழியும்போதும், அவள் இங்கே இல்லை.

அவள் குனிந்து தட்டை இழுத்தாள்.

“சிட்டு!” என்றார்.

கத்திவிட்டார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயர். மகள் பிறந்தபின் அவள் ‘பாப்பா அம்மா’ ஆகிவிட்டாள். அப்புறம் ‘ஏய்’. அப்புறம் வெறும் ‘இந்தா’. இந்தப் பெயரை அவர் நாக்கே மறந்திருக்கும் என்று நினைத்திருந்தார்.

அவள் திரும்பினாள்.

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவள் கண் முழுதாக இவர் மேல் இருந்தது. வேறு யாரும் அதில் இல்லை. அவர் கண்டார். தட்டு சரிந்து வலது முன்கை மேல் உட்கார்ந்ததையும், கையை உதறப் போய் முழங்கைக்குக் கீழே அடுப்பின் இரும்புக் கதவில் பட்டதையும் அதற்கப்புறம்தான் கண்டார்.

பன்கள் தரையில் உருண்டு ஓடின. ஒன்று முன்னால் கல்லா வரை போனது.

“அடப் பாவி!” என்று அக்கா ஓடி வந்தாள்.

டாக்ஸிக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பின் சீட்டில் அவள் கையை ஈரத் துணி சுற்றி மடியில் வைத்திருந்தாள். ரொட்டிக்காரர் அவள் பக்கத்தில். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வழியில் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“சும்மா.”

“சும்மாவா?”

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். ரொட்டிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி ஒரு இடத்திலும் மக்கர் செய்யாமல் ஓடியது.

வெட்கக்கேடு என்னவென்றால், நெஞ்சு பதறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அடியில் ஒரு மூலையில் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. திரும்பினாளே. கூப்பிட்டதும் திரும்பினாளே.

*

கையைக் கட்டுப் போட்டு, தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்றாள். கடைக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்கிய அறையில் கட்டில் போட்டார்கள். அதற்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான்.

ரொட்டிக்காரர் தனியாக உருட்டினார். ஒன்று எலுமிச்சை, ஒன்று தேங்காய்.

“இது என்ன, குடும்பத்தோட வந்திருக்கா?” என்று டாக்ஸிக்காரர் பன் பையைப் பிரித்துப் பார்த்தார். “அப்பா பன், அம்மா பன், குட்டி பன்.”

“வாங்கினா வாங்கு. இல்லாட்டி பெருமாளைக் கூப்பிட்டு உருட்டச் சொல்லு,” என்றாள் அக்கா. அப்புறம் பின்பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, “நல்லா இருந்த குரலை நிறுத்தினான். ஆடின உதட்டை நிறுத்தினான். கையையும் நிறுத்தினான். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்சவன்கூட மாட்டை இப்படிக் கொன்னதில்லை,” என்றாள்.

அக்காவுக்கு எவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த பன்னை உருட்டினார்.

வேலைக்கு நடுவே திரையை விலக்கிப் பார்ப்பார். மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பாள். சொல்கிறாளா, தூங்குகிறாளா? பார்த்துத் தெரிந்துகொள்ள உதடு இல்லை, கையும் இல்லை. கட்டு மட்டும் வெள்ளையாக இருந்தது. இவ்வளவு செய்தும் அந்த அறை பூட்டியபடியேதான் இருக்கிறது என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் நினைத்தார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கட்டை மாற்றிவிட்டு வந்த காலை. பழைய துணியைப் பிரிக்கும்போது தோல் கொஞ்சம் கூட வந்திருந்தது. வலி மாத்திரை போட்டாகிவிட்டது. அடுத்த மாத்திரைக்கு நேரம் இருந்தது. அவள் முகம் சாம்பலாக இருந்தது. மூச்சு நேராக வரவில்லை. அவர் விசிறிக்கொண்டிருந்தார்.

“எரியுதா?”

“ம்.”

“தண்ணி?”

வேண்டாம் என்று தலையசைத்தாள். “உள்ள நிக்க மாட்டேங்குது,” என்றாள்.

“எது?”

அவள் அவரைப் பார்த்தாள்.

அவர் விசிறியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார்.

“திரும்பறியான்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன்,” என்றார். “அன்னிக்கு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“சிட்டுன்னு கூப்பிட்டா வேற எதுக்குக் கூப்பிடுவீங்க? உப்புக்கா?” சிரிக்கப் போய் வலியில் கண்ணை இறுக்கிக்கொண்டாள். “திரும்பினேனா இல்லையா?”

“திரும்பினே.”

“அப்புறம் என்ன? இனிமே அடுப்புக்கிட்ட கூப்பிடாதீங்க. வேற எங்க வேணா கூப்பிடுங்க.”

அவள் இடது கையால் தலையணையை நகர்த்திக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?”

“ஏன்? நான் இருக்கேன்.”

“வாய்விட்டுச் சொன்னாத் தேவலை. நிக்கும்.”

அந்த அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு. யார் காதிலும் விழாமல். இங்கே சாத்த என்ன இருக்கிறது? திரைக்கு அந்தப் பக்கம் நின்றாலே போதும். குவிந்து, ஒட்டி, நாக்கு மேலே போய், பிடிபடாத அந்த இரண்டு எழுத்தும் முழுதாக, அவள் குரலிலேயே கிடைக்கும். கேட்கவே வேண்டாம். தானாக வந்து காதில் விழும். குற்றமும் இல்லை.

அவர் எழுந்தார். திரையை இழுத்துவிட்டார். அது முழுதாக மூடாது. ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி எப்போதும் உண்டு. அதன் வழியாகக் கட்டில் தெரியும், மூட்டை தெரியும், அவள் முகம் தெரியும்.

முன்னால் அக்கா ‘அச்யுதாய நம’ என்று கொட்டாவி விட்டாள். அடுப்பு அணைந்து காலை வேலை முடிந்திருந்தது. கடையில் ஓர் ஈ பறந்தால் கேட்கும். திரைக்கு உள்ளே அவள் மூச்சை இழுப்பது கேட்டது. பேசப் போகிறவளின் மூச்சு. அவர் உடம்பு முழுக்கக் காதாக நின்றது. மாதக் கணக்கான பசி அது.

முதல் எழுத்து வந்தது.

அவர் இரண்டே எட்டில் போய் மிஷினின் சுவிட்சைத் தட்டினார்.

காலி மிஷின். மாவு இல்லாமல் அது ஓடி அவர் பார்த்ததில்லை. இன்னும் பேய்ச்சத்தமாக இருந்தது. தொட்டியின் இரும்பு கடகடவென்று அதிர்ந்தது. அலமாரியில் கண்ணாடி ஜாடிகள் நடுங்கின. அக்கா கல்லாவிலிருந்து எழுந்து வந்து வாயைத் திறந்து மூடினாள். உதட்டைப் படித்தார். ‘பைத்தியமாடா உனக்கு? மாவே இல்லாம எதுக்கு ஓட்டறே?’

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அக்கா அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சத்தத்தில் உதட்டைப் படிப்பதுதானே அவர் பிழைப்பு. மிஷின் பக்கத்தில் நின்றால் திரையின் இடைவெளி நேர் எதிரே. அவள் முகம் இந்தப் பக்கம்தான். உதடு அசைவது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. குவிந்தது.

திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார்.

சுவரில் ஒன்றும் இல்லை. மாவும் புகையும் படிந்து மங்கிய சுண்ணாம்பு. ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே, எப்போதோ மாட்டியிருந்த ஏதோ ஒன்றின் சதுரத் தடம். முதுகுக்குப் பின்னால் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், இவரிடம் இல்லை. பழைய கசப்பு அப்படியே ஏறியது. அது போகவில்லை. போகும் என்று அவருக்கும் தோன்றவில்லை. சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டார். எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். திரும்பவில்லை.

கால் மரத்துப்போனது. வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். மிஷின் சூடேறிக் கருகல் வாசனை லேசாக வந்தது. மோட்டார் போனாலும் போகட்டும்.

தோளில் ஏதோ பட்டது.

திரும்பினார். அவள் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்திருந்தது, ஆனால் சாம்பல் விலகியிருந்தது. இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். போதும்.

அவர் நிறுத்தினார். ஜாடிகள் கடைசியாக ஒரு தடவை கிணுகிணுத்து அடங்கின.

“தாமோதராய நம, கரண்ட் பில்லை யாரு கட்டுவா, சங்கர்ஷணாய நம,” என்று கேட்டது முன்னாலிருந்து.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவரை அவளுக்குத் தெரியும்.

“என் வாயைப் பார்த்தீங்களா?”

“செவுத்தைப் பார்த்தேன்.”

அவள் அவருக்குப் பின்னால் எட்டி, அந்தச் சுவரைப் பார்த்தாள். ஆணி இருந்தது. தடம் இருந்தது. இத்தனை நேரம் அவர் பார்த்ததை அவளும் ரொம்ப நேரம் பார்த்தாள்.